ஆமைக்குக் கேட்ட சுவர்

கார்காலம் இன்னும் பெய்யத் தொடங்கவில்லை, ஆயினும் வந்துவிட்டிருந்தது. கருக்கொண்ட முகில்கள் கூரைகளின்மேல் தாழ்ந்து நின்றன. காற்று மூச்சடக்கியது. வரப்போகும் நீரை எண்ணி மண்ணே வாய்மூடியிருப்பது போன்றதோர் அமைதி தெருவெங்கும் கனத்தது.

அத்தெருவின் நடுவே, மூடி திறந்த சாக்கடைக் குழியைச் சுற்றி மூவர் இருந்தனர். கணினித் திரையை மடியில் ஏந்தியிருந்தவள் இயந்திரவியல் ஆய்வாளர். இடுப்பில் பட்டை மாட்டி, இறங்க ஆயத்தமாய் நின்றவன் அவள் கணவன். கடப்பாரையோடு குழியோரம் குந்தியிருந்தவர் அவளுடைய அண்ணன்.

கீழே, ஆள் தவழ்ந்தே செல்லக்கூடிய பழைய செங்கல் வடிகாலில் ஓர் இயந்திரம் ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆமை. அதை எவரும் ஓட்டுவதில்லை. ஒலியெழுப்பி, எதிரொலி கேட்டு, தன் வழியைத் தானே தேரும். மழைக்குமுன் அது அடைப்பைக் கண்டாக வேண்டும். காணாவிட்டால் கணவன் இறங்க வேண்டும். சென்ற மழைக்கு இறங்கியவனை, நச்சுக்காற்றில் நினைவிழந்த நிலையில்தான் கயிற்றால் தூக்கினார்கள். நீலம் பாரித்த அந்த முகம் அவள் கண்ணைவிட்டு இன்னும் அகலவில்லை.

ஆமையோ தடுமாறியது. சற்றுமுன் வழியிருந்த இடத்தில் திரையில் சுவர் முளைத்தது. திரும்பினால் அங்கும் சுவர். பிறகு இரண்டும் மறைந்தன.

“என்னம்மா, உன் ஆமைக்குத் தலை சுத்துதா?” என்றார் அண்ணன்.

“எனக்கே சுத்துதுண்ணா. இப்ப இருந்த சுவரு இப்ப இல்ல.”

“நான் இறங்கிடறேன்,” என்றான் கணவன்.

“பேசாம நில்லுங்க!”

“மாப்பிள்ளைக்கு வீரம் பொங்குது. போன தடவை தூக்கினதுல என் தோள்பட்டை இன்னும் சரியாகல.”

“என் எடையைப் பத்தி வீட்ல பேசிக்கலாம் மச்சான்.”

முதல் துளி திரையின்மேல் விழுந்தது. கணவன் குழியின் இரும்புப்படியில் கால் வைத்தான். அப்போது ‘டங்’ என்றோர் ஓசை; திரையில் ஒரு சுவர். மீண்டும் ‘டங்’, மீண்டும் ஒரு சுவர். அவள் அண்ணனின் மணிக்கட்டைப் பற்றினாள்.

“எதுக்குண்ணா படியைத் தட்டறீங்க?”

அவர் விழித்தார். கடப்பாரை தம் கையில் ஆடுவதையே அப்போதுதான் கண்டார். உள்ளே ஆளிருந்தால் மேலிருப்பவர் தட்டிக்கொண்டே இருப்பது அவர்கள் தொழிலின் வழக்கம்; நீ தனியாயில்லை என்று சொல்வதற்கு.

“உள்ள ஆமை இருக்கேம்மா...”

“அதுக்குக் காதுதான் கண்ணு. நீங்க தட்டறது சுவரு மாதிரி கேக்குது.”

“தைரியம்தானே சொன்னேன்! அது சுவருன்னு எடுத்துக்கிச்சா?”

“தட்டாதீங்க.”

“ஒண்ணு உள்ள இருக்கும்போது எப்படிம்மா சும்மா இருக்கிறது?”

அவர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டார். சுவர்கள் மீண்டும் எழவில்லை. ஆமை நேரே ஊர்ந்து, அடுத்த மூடிக்கு நேர்கீழே சரிந்துகிடந்த செங்கற்களைக் காட்டியது. தெருவில் நின்றே கொக்கியால் வாரிவிடலாம். கணவன் பட்டையைக் கழற்றினான். தப்பினோமா, இனி தேவையற்றுப் போனோமா என்பது அவனுக்கு விளங்கவில்லை.

ஆமை திரும்பும்வரை அண்ணன் அந்த இருளை நோக்கிக் கைகூப்பி நின்றார். உதடுகள் மட்டுமே அசைந்தன, ஓசை எழவில்லை.

அது சேறு வழிய மேலே வந்ததும், தங்கையின் தலையில் ஒரு கையும் மாப்பிள்ளையின் தலையில் மறு கையும் வைத்தார்.

“ரெண்டு பேரும் நல்லா இருங்க.”

பிறகு ஆமையைப் பார்த்துச் சற்றே தயங்கினார்.

“நீயும்தான்.”