இறங்காத கை

தளபதி மா தேசோப்பின் வலது கை அறுவடை முடிந்த மாதத்தில் ஒரு முற்பகல் மேலே போனது; அவர் சாகும்வரை கீழே இறங்கவில்லை. அதற்கு முன் அது எல்லாருடைய கையையும் போலத்தான் இருந்தது. வில்தேர்வில் தேறி, வடக்கே உறைந்த ஆற்றங்கரைக் காவலில் இளமையைக் கழித்து, மூன்று அரசர்களுக்கு ஊழியம் செய்து, மார்பில் இரட்டைப் புலி தைத்த அங்கி அணியும் நிலைக்கு உயர்ந்தவர். ஒரு ஆணையையும் மீறியதில்லை.

நீர்வரி கட்ட முடியாத குடியானவர்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்து எழ மறுத்தபோது, சுட்டுக் கலைக்கும்படி தலைநகர் ஹன்யாங்கிலிருந்து ஆணை வந்தது. தளபதியின் கை இறங்கினால் துப்பாக்கிகள் வெடிக்க வேண்டும். கை ஏறியது. வீரர்கள் காத்திருந்தார்கள்.

"ஐயா, துப்பாக்கித் திரியெல்லாம் எரிஞ்சு தீரப்போகுது" என்றார் துணைத்தளபதி.

"தெரியுது."

"கையை இறக்குங்களேன்."

"இறங்க மாட்டேங்குது."

திரிகள் அணைந்தன. சாயங்காலம் குடியானவர்கள் பசியெடுத்து வீட்டுக்குப் போனார்கள்.

தலைநகரில் மருத்துவர்கள் ஊசி குத்தினார்கள். காவலர்கள் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினார்கள். ஊஞ்சல் ஆடியதுதான் மிச்சம். அமைச்சர்கள் தலையைக் கேட்டார்கள். அரசர் ஒன்றுதான் கேட்டார்: "கை இறங்கலையா, இல்ல நீர் இறக்கலையா?"

இறங்கவில்லை என்றால் தலை தப்பும். சபை அதைத்தான் எதிர்பார்த்தது. தளபதி அதுவரை தன்னையே அதைக் கேட்டுக்கொண்டதில்லை. "முதல்ல நான்தான் நிறுத்தினேன், மகாராஜா. அப்புறம் இறக்கப் பார்த்தேன். அது வரல."

பாதிக் குற்றத்துக்கு முழுத் தலையை எடுப்பதா என்று அரசர் நினைத்தாரோ என்னவோ, புலிகளை அங்கியிலிருந்து வெட்டியெடுக்கச் சொல்லி ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டார்.

தளபதியின் மனைவி யோன் அம்மாள் சட்டைகளின் வலது தோளைப் பிரித்துத் தைத்தாள். மழைக்காலத்தில் முள்ளங்கிக் கீரையை அந்தக் கையில் கட்டிக் காயவைத்தாள். திதி நாளில் இரு கையும் தரையில் ஊன்றி வணங்க முடியாமல் அவர் தவித்தபோது, "விடுங்க, பெரியவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. சாப்பிட வாங்கன்னு கையசைச்சுக் கூப்பிடுறீங்கன்னு நினைச்சுக்குவாங்க" என்றாள்.

வசந்தத்தில் குடியானவர்கள் மறுபடி ஏரிக்கரையில் உட்கார, வேறொரு தளபதியை அனுப்பினார்கள். அவருடைய கை ஒழுங்காக இறங்கியது. செய்தி வந்ததிலிருந்து மா தேசோப் அரைக் கிண்ணச் சோற்றுக்கு மேல் தொடவில்லை. "அப்போ இது எதுக்கு நின்னுச்சு?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் சோற்றுக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சில ஆண்டுகள் கழித்து, சந்தைக்குப் போகும் வழியில் ஒரு விதவை அவர் வாசலில் கூடையை இறக்கினாள். "கை தூக்கின ஐயா நீங்கதானா? எங்க வீட்டுக்காரர் அந்த ஏரிக்கரையில இருந்தவரு. ரெண்டாவது தடவை போனப்போ செத்துட்டாரு." சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்லதான் இருந்தாரு. கூரை வேய்ஞ்சாரு. பொண்ணைக் கட்டிக் குடுத்தாரு." கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

எழுபத்தோராம் வயதில் தூக்கத்தில் இறந்தார். தச்சன் வந்து பார்த்தான். யாரையும் ஒன்றும் கேட்காமல், சவப்பெட்டியின் மூடியில் கைக்குத் துளையிட்டு, அதன்மேல் ஒரு கூண்டு செய்து பொருத்தினான். தூக்கியவர்கள், வழியில் கிளைகள் தாழ்ந்திருந்ததால், வயல்வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.