பட்டை செய்த வேலை

லோகப்பிரியாவின் விண்மீன் மண்டலத்தில் சிவப்புப் புள்ளிகள் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தன.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. கோவையில் ஒரு கல்லூரியில் அவள் இயற்பியல் ஆய்வு மாணவி. சூலூரில் கணவன் கிருபாசங்கர் நடத்திய விசைத்தறி உதிரிபாகப் பட்டறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது அவளுக்கு. தட்டுபோலச் சுழலும் விண்மீன் கூட்டம் ஒன்றை அதற்குள் உருவாக்கியிருந்தாள். நடுப்பகுதியில் தொடங்கிய விண்மீன்கள் சிவப்புப் புள்ளிகள், விளிம்பில் தொடங்கியவை நீலம். ஓடவிட்டதும் நடுவில் இருந்தவை நீளவாக்கில் திரண்டு ஒரு பட்டையாகச் சுழன்றன. பட்டையின் இரு முனைகளிலிருந்தும் சுருள்கரங்கள் விரிந்தன. அது அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் அப்புறம் சிவப்புப் புள்ளிகள் பலவும் விளிம்புவரை போய் நீலத்தோடு கலந்துவிட்டன.

ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் கோவிந்தராஜுலு படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“புரோகிராம்ல எங்கியோ ஓட்டை இருக்குதுங்க அம்மணி. நட்சத்திரம் அத்தனை தூரம் எடம் மாறாது. கருத்தரங்குல இதைக் காட்டாதீங்க, எடுத்துப்போடுங்க.”

லோகப்பிரியா புரோகிராமை வரி வரியாகச் சரிபார்த்தாள். தப்பு எதுவும் அகப்படவில்லை. சூலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் சட்டென்று பிடிபட்டது. ஓட்டை புரோகிராமில் இருந்தால், பட்டை இல்லாத மண்டலத்திலும் விண்மீன்கள் சிதறத்தானே வேண்டும்?

இறங்கியதும் நேரே பட்டறைக்குப் போனாள்.

“ஏனுங்க, ஒரு வாரம் முழுசும் கம்ப்யூட்டர் வேணுமுங்க. நடுவுல கரண்டு போனா மறுபடி மொதல்ல இருந்துதான்.”

கிருபாசங்கர் மேசையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்தான். “பில்லைக் கையில எழுதிக்கறேன். ஜெனரேட்டரை இதுக்கே உட்டுப்போடறேன். நீ ஓட்டு கண்ணு.”

கருத்தரங்கில் முதலில் பட்டை உள்ள மண்டலத்தைத் திரையில் காட்டினாள். சிவப்பும் நீலமும் கலந்து கிடந்தன. அரங்கில் முணுமுணுப்பு எழுந்தது. கோவிந்தராஜுலு நாற்காலியில் நெளிந்தார். அவள் அடுத்த படத்தை வைத்தாள். பட்டை இல்லை; சிவப்பு நடுவிலேயே, நீலம் விளிம்பிலேயே.

பெங்களூரிலிருந்து வந்திருந்த வானியலாளர் எழுந்தார். “ரெண்டுக்கும் ஒரே புரோகிராமா?”

“ஒரு எழுத்துகூட மாத்தலீங்க சார். ஆரம்பத்துல நட்சத்திரங்க தாறுமாறா அலையற வேகத்தை மட்டும் கூட்டுனேன். அதனால பட்டை உருவாகல. பட்டை இல்லைன்னதும் கலப்பும் இல்லீங்க.”

கோவிந்தராஜுலு மெல்ல எழுந்து நின்றார்.

“புரோகிராம்ல ஓட்டைன்னு சொன்னது நானுங்க. எம்பட கணிப்புத்தான் தப்பு. நட்சத்திரங்களை எடம் மாத்தறது அந்தப் பட்டைதான். அதை இந்த அம்மணி நிரூபிச்சுப்போட்டாங்க.”

கைதட்டல் எழுந்தது. அவள் முகம் மலர்ந்து கண்கள் நிறைந்தன.

“எங்ககிட்ட பெரிய கம்ப்யூட்டர் இருக்கு. இதையே பத்து மடங்கு நட்சத்திரங்களோட ஓட்டிப் பாக்கலாம். எப்ப வர்றீங்க?” என்றார் வானியலாளர்.

“இன்னைக்கு ரயிலுக்கே வாரேனுங்க சார்!”

அரங்கமே சிரித்தது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.