இருபத்து நான்காவது ஜனாதிபதி

"ஒரே ஆளு ரெண்டு தடவை எப்படிம்மா வருவாரு?" என்று ஃபோர்மேன் அண்ணன் என்னைக் கேட்டார்.

நான் அச்சகத்தில் தாள் மடிப்பவள். எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அன்று ஒரு பொது அறிவுப் புத்தகம் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க ஜனாதிபதிகள் பட்டியலில் இருபத்து நான்காவதாக மெக்கின்லி இருந்தார். போன வருடப் பதிப்பில் அந்தப் பக்கத்தை ஆயிரக்கணக்கில் மடித்திருக்கிறேன். இருபத்திரண்டு கிளீவ்லாந்து, இருபத்து மூன்று ஹாரிசன், இருபத்து நான்கு மறுபடியும் கிளீவ்லாந்து. ஒரு பெயர் போனதில், பின்னால் வந்த அத்தனை பெரிய மனிதர்களும் அடுத்தவர் எண்ணில் நின்றிருந்தார்கள். ஒரு கிளீவ்லாந்து விட்டுப்போயிருக்கிறது என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன்; அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார்.

"தெரியாம ரெண்டு தடவை அடிச்சிட்டாங்கன்னு நான்தான் ஒண்ணை எடுத்தேன். திருத்த வந்துட்டாங்கய்யா டீச்சரம்மா!" என்றார் அண்ணன். மேசையைச் சுற்றியிருந்த அக்காக்கள் சிரித்தார்கள்.

தவறாகச் சொல்லி மெஷினை நிறுத்தவைத்தால் என் வேலை போய்விடும். இருந்தாலும் சொன்னேன்: "நடுவுல ஹாரிசன்கிட்ட தோத்துட்டாருண்ணே. நாலு வருஷம் கழிச்சுத் திரும்ப நின்னு ஜெயிச்சாரு. பழைய புத்தகத்துல அடியில சின்ன எழுத்துல இருக்கு."

விட்டுப்போன இடத்துக்கே ஒருவர் திரும்பி வரலாம் என்று அந்த இரண்டு வரியில் படித்த நாளிலிருந்து எனக்கு வியப்பு அடங்கவில்லை.

அண்ணன் அலமாரியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்தார். பட்டியலில் அவர் விரல் மெல்ல இறங்கி, இருபத்து நான்கில் நின்றது. அக்காக்களின் சிரிப்பும் நின்றது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெஷினை நிறுத்தப் போனார்.