பட்டு உடுத்திய கம்ப்யூட்டர்

எங்கள் முதலாளி குமாரவேலுக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை. தன் கடை ஜரிகை அசல் வெள்ளி என்பது ஒன்று. கடைக் கம்ப்யூட்டர் அடிக்கடி அணைந்துபோவதற்கு நான்தான் காரணம் என்பது இன்னொன்று.

புடவைக்கு டிசைன் வரைவது என் வேலை. யாளியின் வாலை முடிக்கப் போகும்போது திரை பொசுக்கென்று இருண்டுவிடும். பத்து நிமிடம் கழித்துப் போட்டால் சமர்த்தாக வரும். வைரஸ் என்று விண்டோஸை மூன்று முறை மாற்றினார். வாஸ்து என்று மேசையைக் கிழக்கே திருப்பினார். கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"உன் கைராசி சரியில்ல சுகாசினி. இன்னொரு தடவ அணைஞ்சா நீ வேற எடம் பாத்துக்கோமா."

வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஓரிக்கையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் என் சிநேகிதி கீர்த்தியைக் கையோடு அழைத்து வந்தேன்.

அவள் கண்ணில் முதலில் பட்டது கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கிடந்த பட்டுத்துணி. ஆயுத பூஜைக்கு முதலாளி சாத்தியது, பின்பக்கம் வரை ஜரிகைக் கரையோடு தொங்கியது. எடுக்கட்டுமா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "சாமிக்கு சாத்துனத அவுக்கறதா?" என்று முறைத்தவர் அவர்.

"மூக்கப் பொத்திக்கினு ஓடச் சொன்னா எப்டிடி ஓடும்?" என்று கீர்த்தி துணியை உருவிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பிசிறு பிசிறாக ஜரிகை.

மகளின் கல்யாணப் புடவையை வாங்க வந்திருந்த மாகறல் தில்லையம்மாளும் எட்டிப் பார்த்தார். முதலாளி விடுவாரா?

"பாத்தியாமா! அசல் வெள்ளி, கரண்டு பாயாம இன்னா பண்ணும்? அதான் ஷார்ட் ஆயிருக்குது. போலின்னா ஒண்ணும் ஆயிருக்காது!"

கீர்த்தி எதையும் சோதிக்காமல் ஒப்புக்கொள்கிற ரகமில்லை. கரண்டு பாய்ந்தால் கத்தும் மீட்டரை எடுத்து இரண்டு முனையையும் ஒரு பிசிறில் வைத்தாள். சத்தமில்லை. இன்னொன்றில் வைத்தாள். அதிலும் இல்லை.

"இதுல கரண்டே போவலண்ணா. ஜரிகை மேல தப்பில்ல" என்றாள் வெள்ளந்தியாக. பவர் சப்ளையைக் கழற்றி, உப்பிப்போன கெபாசிட்டரைக் காட்டினாள். "துணி மூடுனதுல சூடு வெளிய போவாம கெட்டுப்போச்சு. இத மாத்துனா போதும்."

அதை யார் கேட்டார்கள்? "வெள்ளின்னா அது கத்துமா?" என்றார் தில்லையம்மாள்.

கீர்த்தி குனிந்து தன் கொலுசில் மீட்டரை வைத்தாள். வீலென்று கத்தியது.

தில்லையம்மாள் கல்யாணப் புடவையைப் பிரித்து முந்தானையை மேசையில் விரித்தார். கீர்த்தி தயங்கித் தயங்கி வைத்தாள். மீட்டர் வாயே திறக்கவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். அந்தக் குரலில் அவ்வளவு தேனை நான் கேட்டதே இல்லை.

"நீ சொல்லுமா சுகாசினி. ஜரிகைப் பெட்டி ஏதோ மாறிப்போச்சு, இல்ல?"

தலையாட்டினால் வேலை நிலைக்கும். தில்லையம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இங்க இருக்கறது ஒரே பெட்டிதாங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. என் கணக்கும் தீர்ந்தது. இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி சொல்லிக்கொண்டிருக்கிறாராம்: "அவ போனாபா, அன்னிலேர்ந்து மெசினு ஒரு தடவகூட அணையல!"