இடது கையில் துண்டு

"துண்டை இடது கைல போட்டிருந்தா?"

"பர்கண்டி."

"வலது கைல?"

"போர்தோ."

"தோள்ல?"

"ரோன் பக்கம். போதும் மிரேய், நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?"

"கைக்குள்ள கசக்கிப் பிடிச்சிருந்தா?"

ஃபெர்னான் தலை நிமிராமல் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. எட்டு மாதமாக வெங்காயம் அவருடைய கண்ணை மட்டும்தான் தொடுகிறது.

"கெட்டுப்போன ஒயின். இதை நான் தொட மாட்டேன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துடணும்" என்றார்.

"அவ்வளவுதான் ஷெஃப். வேற ஒண்ணும் பேசாதீங்க. நீங்க பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க."

துலூத் தெருவில் எங்கள் கடைக்கு ஆறு மேசைதான். மது விற்க எங்களிடம் உரிமம் கிடையாது. வருகிறவர்கள் அரசுக் கடையிலிருந்து புட்டியைக் காகிதப் பையில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். நான் பையைக் கழற்றாமலே திறந்து, ஒரு விரற்கடை அளவு ஊற்றி வைப்பேன். மேசையில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஃபெர்னான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவார், முகர்வார், ஒயின் விளைந்த ஊரைச் சொல்வார், சில நாள் மலைச்சரிவைக்கூடச் சொல்வார். பிறகு உள்ளே போய் அந்த ஒயினுக்கு ஏற்றபடி வாத்துக்கறிக்கு சாஸ் செய்வார். இருபத்திரண்டு வருடமாக ஜனங்கள் வந்தது இதற்குத்தான். நாங்கள் விற்றது அவருடைய மூக்கை.

அந்த மூக்கு பிப்ரவரிக் காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் இறங்கிய காலையில் அவர் காப்பித் தூள் டப்பாவுக்குள் முகத்தைப் புதைத்தபடி வெகுநேரம் நின்றதை நான் பார்த்தேன். பனி பெய்து ஓய்ந்த தெருவைப்போல அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் பார்த்துவிட்டதால் என்னிடம் மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து புட்டியின் ஊரை என் துண்டு அவருக்குச் சொன்னது, சாஸ் என் நாக்கில்தான் பிறந்தது. அவர் கரண்டியை நீட்டுவார், "சொல்லு" என்பார். உப்பு, புளிப்பு, இன்னும் கொஞ்சம் வெண்ணெய், தைம் இலையை இப்போதே எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வேன். நாளாக ஆக அவர் கேட்பதற்கு முன்பே நான் சட்டியில் கை வைக்க ஆரம்பித்தேன். வெளியே ஜனங்கள் ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்கள்.

"கடை என் பேருக்கு வரட்டும் மிரேய். அப்புறம் நீ தட்டு தூக்க வேண்டாம். அடுப்புப் பக்கம் வந்துடு, என் பக்கத்துலயே" என்று கோடையில் ஒரு நாள் சொன்னார். வடக்கே அபிட்டிபியில் சுரங்கத்துக் கான்டீனில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வார்த்தையை ராத்திரி கண்ணை மூடினால் வெள்ளைக் கோட்டு ஒன்று கொக்கியில் தொங்குவதுபோலப் பார்ப்பேன். அதன் பையில் என் பேர் தைத்திருக்கும்.

கடை மதாம் ஷார்ல்புவாவுடையது. டிசம்பரில் அவர் தங்கை இருக்கும் காஸ்பேக்குப் போகிறார். கடையை ஃபெர்னானிடம் விட்டுவிட்டுப் போக ஆசை. ஆனால் அவருடைய அண்ணன் மகன் ஒரேலியான், தன் சிநேகிதன் ஒருவனைச் சமையலுக்குக் கொண்டுவரப் பார்த்தான். அவன்தான் அத்தையின் காதில் போட்டிருக்கிறான்: போன மாதம் அடுப்படியில் பால் தீய்ந்து தெருவரை நாறியது, ஃபெர்னான் அதன் பக்கத்திலேயே நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தார் என்று. அன்று எனக்கு விடுமுறை.

துண்டுப் பாடம் ஒப்பித்த நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மதாமும் அவனும் வந்து மூன்றாம் மேசையில் உட்கார்ந்தார்கள். மதாம் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மிரேய், இளைச்சுட்டியே. ஃபெர்னான் சோறு போடறதில்லையா?"

"போடறார் மதாம். ஓடறதுல கரைஞ்சுடுது."

ஒரேலியான் காகிதப் பையை என்னிடம் நீட்டினான். "பாத்துத் திற. ரெண்டாயிரத்தஞ்சாம் வருஷத்துது. அத்தைக்காக ஸ்பெஷலா வாங்கினது."

பையின் வாயை விலக்கிப் பார்த்தேன். பர்கண்டி முத்திரை, நல்ல பேர். கார்க்கை உருவினேன். சிரமமே இல்லாமல் வந்தது. திருகின் நுனியிலிருந்து அதைக் கழற்றும்போது என் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு பழைய ஓட்டை தெரிந்தது. ஊற்றினேன். மூக்கில் வினிகர் குத்தியது. அதற்கடியில் முக்குக் கடையில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்களே, திராட்சை பேரும் கிடையாது, வருஷமும் கிடையாது, அந்தச் சிவப்புத் தண்ணீர்.

நான் நிமிர்ந்தேன். ஒரேலியான் என்னைப் பார்க்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

துண்டைக் கைக்குள் சுருட்டி இறுக்கிப் பிடித்தேன். இதைப் பார்த்து, தொட மாட்டேன் என்று சொல்லி அவர் திரும்பிவிட்டால் போதும், கடை அவருடையது. அடுப்பு என்னுடையது. அடுப்படிக் கதவு திறந்தது.

ஃபெர்னான் பேசிக்கொண்டேதான் வந்தார். "மதாம்! இந்தத் தொப்பி யாரு குடுத்தது? இருபது வயசு கொறைஞ்சுடுச்சு!" குனிந்து அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். இன்னும் என் பக்கம் திரும்பவில்லை.

"ஃபெர்னான், ஒண்ணு கேக்கணும்" என்றார் மதாம். "கடை உன் கைக்கு வந்தா அடுப்புல ரெண்டாவது ஆள் யாரு? நீயும் அறுபதைத் தொடப்போற. நம்ம மிரேயைப் பழக்கலாமே. இத்தனை வருஷமா இருக்கா."

ஃபெர்னான் சிரித்தார். வயிறு குலுங்க, நல்ல மனுஷன் சிரிக்கும் சிரிப்பு.

"மிரேயா? மதாம், தங்கமான பொண்ணு. ஆனா அபிட்டிபிக்காரி. அவ நாக்குக்கு கெட்சப்பும் ஒயினும் ஒண்ணு. அடுப்புல விட்டா வாத்து மேல சீஸ் துருவிப் போட்டுடுவா!"

ஒரேலியான் வெடித்துச் சிரித்தான். இரண்டாம் மேசையிலும் யாரோ சிரித்தார்கள். மதாம்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கைக்குள் இருந்த துண்டை விரித்தேன். சுருக்கத்தை நீவினேன். மடித்து இடது கையில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

குவளையை எடுத்தார். அதைச் சுழற்றும் விதத்தில் ஒரு குறையும் இல்லை, மணிக்கட்டு மட்டும் அசையும். மூக்கைக் குவளைக்குள் விட்டுக் கண்ணை மூடினார். கடை முழுக்க முள்கரண்டிகள் நின்றன.

"பர்கண்டி" என்றார் மெதுவாக. "வடக்குப் பக்கம். மழை தள்ளிப்போன வருஷம். காட்டுச் செர்ரி... ஈர இலை... பின்னாடி லேசா ரோஜா. ஆகா, ஒரேலியான், உன்னை நான் தப்பா நெனச்சுட்டேன்டா."

"குடிச்சுப் பாருங்க ஷெஃப்" என்றான் ஒரேலியான்.

குடித்தார். முழுவதையும் குடித்தார். அந்தப் புளிப்பில் அவருடைய தொண்டை ஒரு தடவை தானாகவே இழுத்துக்கொண்டது. அதையும் ரசனைபோல மாற்றித் தலையை ஆட்டினார். "பட்டு" என்றார்.

ஒரேலியான் அத்தையின் குவளையில் ஊற்றித் தள்ளினான். மதாம் அதை வாய்வரை கொண்டுபோகவில்லை. பாதி வழியிலேயே கை நின்றது. குவளையைக் கீழே வைத்துவிட்டு ஃபெர்னானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?" என்றார்.

"என்ன மதாம்?"

"இது வினிகர், ஃபெர்னான்."

"முக்குக் கடை ஒயின் முக்கால், வினிகர் கால்" என்றான் ஒரேலியான். "ரோஜா நான் போடல."

யாரும் சிரிக்கவில்லை. ஃபெர்னான் என் இடது கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். துண்டு வெள்ளை வெளேரென்று தொங்கியது, நான்கு முனையும் சரியாக.

மதாம் என் பக்கம் திரும்பினார். "நீதானே திறந்த? உனக்குக்கூடவா தெரியல?"

"எனக்கென்ன தெரியும் மதாம்" என்றேன். "கெட்சப்புக்கும் ஒயினுக்கும் வித்தியாசம் தெரியாதவ."

ஃபெர்னான் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை போதும்: எட்டு மாதமாக சாஸ் இவளுடையது என்று. அது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் ஏப்ரனில் கையைத் துடைத்தார். ஏற்கனவே துடைத்திருந்த கைதான்.

"ஃபெர்னான், இன்னிக்கு இருக்கற மேசைகளை முடிச்சுக் குடுத்துடு" என்றார் மதாம். குரல் மென்மையாகத்தான் இருந்தது. "நாளைக்குச் சாவியை ஒரேலியான்கிட்ட குடு." கையுறையை எடுத்து ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டார்.

ஃபெர்னான் அடுப்படிக்குப் போனார். நானும் இரண்டாம் மேசையின் தட்டுகளுக்காகப் பின்னால் போனேன். சாஸ் சட்டியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழுந்து உடைந்தன. இரண்டு வாத்துத் தட்டு தயாராக, சாஸுக்காகக் காத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. யாரோ ஒருவர் அக்குளில் புட்டியோடு எங்கள் கதவைத் தேடிக்கொண்டு போனார்.

ஃபெர்னான் கரண்டியை சாஸில் விட்டு எடுத்தார். தன் வாய்க்குக் கொண்டுபோனார், பாதியில் நிறுத்தினார். பிறகு என் பக்கம் நீட்டினார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"மிரேய்" என்றார். "உப்பு போதுமான்னு மட்டும் சொல்லும்மா."