நாலுக்கு மேல்

போன திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு ஒஸெல்லா டிப்ஸின் ஆம்ப்ளிஃபயர் கத்திய கத்தலில், முட்டை தின்றுகொண்டிருந்த உலைக்காரன் ஒருவன் தட்டோடு நாற்காலியிலிருந்து விழுந்தான். பதினெட்டு வருஷமாகக் கொதிக்கும் இரும்புக்குப் பக்கத்தில் நின்றவன் அவன். லேசில் திடுக்கிடுகிற ஆள் இல்லை. அவனே விழுந்தான் என்றால் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தெற்குச் சிகாகோவில், இரும்பு ஆலை வாசலுக்கு நேர் எதிரே கேட்வுட்டின் மதுக்கடை. இரவு ஷிப்ட் விட்டதும் ஆட்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள், நேராக அங்கேதான். ஊருக்குப் பொழுது விடியும்போது அவர்களுக்குப் பொழுது சாயும். திங்கட்கிழமைகளில் அவர்களுக்கென்றே காலையில் ப்ளூஸ் கிதார் வாசிப்பு உண்டு. அதற்குக் கேட்வுட் ஒரு சட்டம் வைத்திருந்தார். முதல் அரை மணி நேரம் ஆட்கள் தின்பார்கள், ஃபோர்மேனைத் திட்டுவார்கள், அப்போது கிதார் அடங்கிக் கிடக்கவேண்டும். இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறவேண்டும். எட்டரைக்குக் கூரை பறக்கவேண்டும். வாசிக்கிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், இந்த ஏற்ற இறக்கம் வராவிட்டால் கேட்வுட்டுக்கு வேண்டாம்.

அங்கே வாசிக்கிற ஒஸெல்லாவின் ஆம்ப் பெட்டியில் ஒரு மாதமாக அது வரவில்லை. வால்யூம் குமிழைத் திருகினால் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி கரகரப்பு. முக்குக்கடை ரிப்பேர்காரர் புது வால்யூம் கண்ட்ரோல் போட்டார். இரண்டே நாளில் மறுபடி கரகரப்பு. இன்னொன்று போட்டார். அதே கதை. "நீ வேகமா திருகுறம்மா" என்று பழியை அவள் கைமேல் போட்டு அனுப்பினார். ஆனால் போன திங்கள் நடந்தது வெறும் கரகரப்பு இல்லை. மூன்று வரை திருகினாலும் ஊமை, நாலைத் தொட்டதும் ஒரே அலறல்.

விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு கேட்வுட் அவளிடம் வந்தார். நல்ல மனுஷன்தான், குரலை உயர்த்தவில்லை.

"தங்கச்சி, உன் வாசிப்புமேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனா இன்னொரு தடவ இந்தப் பெட்டி இப்படிப் பண்ணுச்சுன்னா, திங்கக்கிழமைய லாமர் நன்னுக்குக் குடுத்துருவேன். சொல்லிட்டேன்."

லாமர் நன் அங்கேயே கவுண்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவனும் கிதார்க்காரன், புத்தம் புது ஆம்ப் வாங்கியிருந்தவன். "அக்கா, பெட்டிக்குள்ள பன்னி கின்னி வளக்கிறீங்களா? கசாப்புக் கூடத்துல ஒண்ணு கொறையுதுன்னு தேடிட்டிருக்காங்க" என்றான். கடையே சிரித்தது. அவள் கிதாரை அதன் உறைக்குள் வைத்துப் பூட்டினாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு திங்கட்கிழமைதான். மற்றபடி வாரநாட்களில், மதியம் மூன்றிலிருந்து ராத்திரி பதினொன்று வரை, டி.வி. ஃபேக்டரியில் முப்பத்தெட்டு பெண்களுக்கு நடுவில் ஈயம் பற்றவைக்கிற கம்பியோடு குனிந்து கிடக்கிற முதுகு அவள். திங்கட்கிழமை காலையில் மட்டும் நிமிர்ந்து நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, நல்ல உடுப்பின்மேலேயே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ஆம்ப் பெட்டியைச் சமையலறை மேஜைமேல் கவிழ்த்தாள். அவள் புருஷன் கிளியோத்தா முன்னறையில் டி.வி. போட்டு பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வாசிப்புக்கு டிரம்ஸ் அவன்தான். மற்றபடி ஆலையில் எண்ணெய்க்காரன். இரும்பைத் தகடாக உருட்டும் கூடத்து பேரிங்குகளுக்கு எண்ணெய் ஊற்றுவது வேலை.

பின்பலகையைக் கழற்றி உள்ளிருந்த தகரச் சட்டத்தை வெளியே எடுத்தாள். பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் உள்ளே முன்னூறு, நானூறு வோல்ட் ஒளிந்திருக்கும். மரப்பிடி ஸ்க்ரூடிரைவர் ஒன்றில் கம்பி சுற்றி, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டன்சரின் காலைச் சட்டத்தோடு தொடவைத்தாள். பட்டென்று ஒரு நீலப்பொறி. இடது கையை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஃபேக்டரியில் முதல் நாளே சொல்லித்தருவது அது. ஒரு கைதான் உள்ளே போகவேண்டும், இரண்டு கையும் போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்.

வால்யூம் கண்ட்ரோலைத் தொட்டாள். விரல் வழுக்கியது. மோந்து பார்த்தாள்.

"ஏய்யா, இங்க வா."

"ரெண்டு பேர் அவுட்டும்மா, இரு."

"நீ இப்ப வரலேன்னா மூணாவது ஆள் நீதான்."

வந்தான். கையில் பீர். மேஜையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இதுல எண்ணெய் ஊத்துனது யாரு?"

கிளியோத்தா மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "கரகரன்னு சத்தம் வருதுன்னு நீதான புலம்புன. சத்தம் வந்தா எண்ணெய் போடணும். இருபது வருஷமா அதான் என் பொழப்பு."

"ரோலர் பேரிங்குக்குப் போடுறதையா?"

"சின்னதாத்தான், ரெண்டு சொட்டு. நல்ல எண்ணெய் புள்ள அது. எழுநூறு டிகிரி தாங்கும்."

"இதுக்குள்ள இருக்கிறது கரிப்பட்டை. அதுமேல ஒரு முள்ளு தேச்சிக்கிட்டுப் போகும். நீ ஊத்துன எண்ணெயில முள்ளு மிதக்குது. அதான் மூணு வரைக்கும் தொடாம, நாலுல போய் குத்துது. அந்தாளு முட்டையோட விழுந்தான்ல, அது உன் ரெண்டு சொட்டு."

"அப்ப கோளாறு கண்டுபிடிச்சாச்சு" என்றான் சந்தோஷமாக, தான் கண்டுபிடித்த மாதிரி.

அவள் அவனைப் போகச்சொன்னாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, குமிழை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக நூறு தடவை திருகித் திருகிக் கழுவினாள். பஞ்சு கறுப்பாக வந்தது, பழுப்பாக வந்தது, கடைசியில் வெள்ளையாகவே வந்தது. காயவிட்டு, சட்டத்தை மாட்டி, கிதாரைச் சொருகினாள். அலறல் போய்விட்டது. ஒன்றில் மெல்லிசு, மூன்றில் கொஞ்சம், ஐந்தில் நன்றாக.

ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பழைய கீறல் இருந்தது. எண்ணெய் வருவதற்கு முன்னாலிருந்தே இருந்த அதே தகரமும் ஆணியும்.

ஒஸெல்லா உட்கார்ந்துவிட்டாள். மூன்று வால்யூம் கண்ட்ரோல். முதல் தடவை பழசு, பிறகு இரண்டு புதுசு. மூன்றும் அதே கரகரப்பு. மூன்றுமே மட்டமா? ஃபேக்டரியில் வாரத்துக்கு ஆயிரம் டி.வி. பெட்டி அவள் மேஜையைத் தாண்டிப் போகிறது, அதில் இந்தச் சாமான் கெட்டுப்போவது அத்தனை அபூர்வம்.

ஃபேக்டரியை நினைத்ததும்தான் அது தட்டியது. சோதனையில் தோற்ற பெட்டிகள் கழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டோடு திரும்பி வரும். கோளாறு என்னவென்று சோதனைக்காரர்கள் சீட்டில் எழுதி, எந்த மேஜையில் சரிபண்ணவேண்டுமோ அந்த மேஜைக்கு அனுப்புவார்கள். பெண்களிடம் காரணம் சொல்லமாட்டார்கள், சீட்டைப் பார், சாமானை மாற்று, அடுத்தது. அவளுக்கு வரும் சீட்டுகளில் பாதி ஒரே வாசகம்: "வால்யூம் திருகினால் கரகரப்பு." ஆறு வருஷத்தில் எத்தனையோ நூறு பார்த்திருப்பாள். அவள் பாட்டுக்கு ஒரு சின்னக் கண்டன்சரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு பற்றவைத்து அனுப்புவாள்.

வால்யூம் கண்ட்ரோல் மாட்டுவது அவள் இல்லையே. அது நாலு நாற்காலி தள்ளி, எர்லீனின் வேலை. அப்படியானால் வால்யூம் கரகரப்புக்கு ஏன் எர்லீனிடம் போகாமல் பெட்டி தன்னிடம் வந்தது?

"கடவுளே" என்றாள் மெதுவாக. ஆறு வருஷமாக விடையைக் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

எழுந்து போய் கிளியோத்தாவின் டப்பாவிலிருந்து வோல்ட் மீட்டரை எடுத்துவந்தாள். ஆலை மின்சாரக் கூடத்திலிருந்து இரவல் வாங்கியது என்று அவன் சொல்வான். ஆலைக்கு அது தெரியாது. பெட்டியை ஆன் பண்ணி, உள்ளிருக்கும் கண்ணாடி வால்வுகள் சிவக்கும்வரை காத்திருந்து, ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மீட்டர் கம்பியின் முனையை வால்யூம் கண்ட்ரோலின் காலில் வைத்தாள். அந்த இடத்தில் பாட்டு மட்டும்தான் இருக்கவேண்டும், வோல்ட் சுத்தமாக இருக்கக்கூடாது. மீட்டர் பதினொன்று காட்டியது.

முதல் வால்விலிருந்து பாட்டை மட்டும் விட்டு மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவதுதான் அந்தச் சின்னக் கண்டன்சரின் வேலை. வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி. இவன் தூங்கிவிட்டான். கசிந்து வந்த மின்சாரம் கரிப்பட்டையில் உட்கார்ந்துகொண்டு, முள் நகரும்போதெல்லாம் சீறியிருக்கிறது. இன்னும் பத்து வால்யூம் கண்ட்ரோல் போட்டிருந்தாலும் பத்தும் கத்தியிருக்கும்.

அணைத்தாள், பொறி தட்டவிட்டாள், அந்தச் சின்னக் கண்டன்சரின் ஒரு காலை ஈயம் உருக்கிப் பிரித்தாள். மறுபடி போட்டு அந்தத் தனிக்காலில் மீட்டரை வைத்தாள். கசிவு அதிலேதான். சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. கடைகள் மூடியிருந்தன. கீழே நிலவறையில் ஒரு செத்த ரேடியோ கிடந்தது. ஓடிப்போய் அதிலிருந்து ஒன்றை வெட்டி வந்தாள். மெழுகு வடிந்த கிழட்டுக் கண்டன்சர். மாட்டுவதற்கு முன் சோதித்தாள். அது முப்பது வோல்ட் கசிந்தது. தூக்கிப் போட்டாள்.

முன்னறை டி.வி.யில் ஆட்டக் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒஸெல்லா கதவருகே நின்று டி.வி.யைப் பார்த்தாள். அவள் ஃபேக்டரி பெட்டி. போன வருஷம்தான் வாங்கியது. அதற்குள்ளே எந்த மூலையில், எத்தனை அங்குலத்தில், என்ன நிறத்தில் அந்தச் சாமான் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், கிதாருக்கு அது போதும்.

கிளியோத்தா அவள் கையில் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தான். "வேணாம்."

"படம் தெரியும்யா. சத்தம் மட்டும்தான் வராது."

"ஏழாவது இன்னிங்ஸ், ஒஸ்ஸி. ஆட்டம் சமமா நிக்குது."

"உனக்கு கண்ணு நல்லாத்தான இருக்கு. பாத்துக்க."

"சத்தமில்லாம பேஸ்பால் பாக்கிறது சவ ஊர்வலம் பாக்கிற மாதிரி புள்ள."

"எண்ணெய் ஊத்துறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். நாளைக்கு ஃபேக்டரியில ஒண்ணு வாங்கிட்டு வந்து போட்டுத் தரேன். இப்ப எந்திரி, பெட்டியத் திருப்பு."

பத்து நிமிஷம். டி.வி.யின் முதுகைத் திறந்து, தேங்கிய மின்சாரத்தை இறக்கி, சாமானைப் பிரித்து எடுத்துவந்தாள். ஆம்ப்பில் பற்றவைத்தாள். ஈயம் உருகி, பளபளவென்று பாதரசம் மாதிரி உட்கார்ந்தது. மீட்டரை வைத்தாள். முள் அசையவில்லை. தட்டிப் பார்த்தாள். பூஜ்யம். குமிழை அடியிலிருந்து உச்சிவரை திருகினாள். ஒரு கீறல் இல்லை, ஒரு மூச்சு இல்லை.

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "யாரோ ஓடுறான். எதுக்கு ஓடுறான்னு தெரியல."

திங்கட்கிழமை காலை லாமர் நன் தன் புது ஆம்ப்பை காரிலிருந்து இறக்கி, கேட்வுட் கடை வாசற்பக்கமே தயாராக வைத்திருந்தான். மேலே ஒரு துணி வேறு போர்த்தியிருந்தான். ஒஸெல்லா அதைத் தாண்டி உள்ளே போனாள்.

"பன்னிக்குத் தீனி போட்டாச்சா, அக்கா?"

"போட்டாச்சுடா தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லு, கடிச்சிரப்போகுது."

ஆலைச் சங்கு ஊதியது. கதவு திறந்தது. கரி அப்பிய முகங்கள், எரிந்த சட்டைக் கைகள், காது பாதி போனவர்கள். போன வாரம் விழுந்தவன் சுவர் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தான். அவன் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்ததைப் பார்த்து ஒஸெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் குமிழ் பூஜ்யத்தில்தான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். சமையலறை மேஜை வேறு, இது வேறு. அறுபது பேர், ஒரு பெட்டி.

குமிழை ஒன்றில் வைத்தாள். கிளியோத்தா பிரஷ்ஷால் டிரம்ஸைத் தடவ ஆரம்பித்தான். அவள் தந்தியைத் தொட்டாள். ஆட்களின் பேச்சுக்கு அடியில், முட்டை பொரிகிற சத்தத்துக்கும் அடியில், கிதார் தரையோடு தரையாக நடந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் வேண்டும். ஆனால் பக்கத்து மேஜைக்காரன் ஒருவனின் பூட்ஸ் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, அவனுக்கே தெரியாமல்.

கேட்வுட் தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவளருகே வந்தார். "இன்னும் கொஞ்சம் கொறை பாப்போம்."

குறைத்தாள். நூல் மாதிரி இறங்கியது.

"இன்னும்."

இன்னும் இறக்கினாள். தந்தியின் மூச்சு மட்டும் இருந்தது. கேட்வுட் காதைப் பெட்டியோடு வைத்துக் கேட்டார். கரகரப்பைத் தேடினார். கிடைக்கவில்லை.

நிமிர்ந்து கதவுப்பக்கம் பார்த்தார். "லாமரு, அந்தப் பெட்டிய வழியிலேர்ந்து எடுப்பா. ஆளுங்க தடுக்கி விழுறாங்க."

"இப்பத்தானண்ணே இறக்கினேன். எங்க வைக்கட்டும்?"

"உன் காருலதான். இந்தத் திங்கக்கிழமைக்கு ஆளிருக்கு."

இரண்டாவது கிளாஸ் வந்தது. ஒஸெல்லா இரண்டுக்குப் போனாள், மூன்றுக்குப் போனாள். எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் இருந்தது, அதனதன் இடத்தில், ஏணிப்படி மாதிரி. நாலில் விரல் ஒரு கணம் தயங்கியது. ஒரு வாரமாக அந்த இடத்தை நினைத்துப் பயந்த விரல். மெல்லத் திருகினாள். நாலு, மூன்றைவிட ஒரு படி மட்டும் கூடுதலாக, சாதுவாக வந்து நின்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மைக்கில் அது கேட்டது. ஆட்கள் இப்போது திரும்பிப் பார்த்தார்கள்.

ஐந்தில் பேச்சு நின்றது. ஆறில் கிளியோத்தா பிரஷ்ஷை வீசிவிட்டுக் குச்சியை எடுத்தான். ஏழில் ஆட்கள் எழுந்து மேஜைகளை ஓரம் தள்ளினார்கள். இரவெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய கால்கள், இனி ஒரு அடி எடுத்துவைக்காது என்று சொல்லியிருப்பீர்கள். அந்தக் கால்கள்தான் ஆடின. சுவர் ஓரத்துக்காரன் தட்டைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, "ஏத்தும்மா, இன்னும் ஏத்து" என்றான்.

ஏற்றினாள். எட்டரைக்குப் பெட்டி பத்தில் நின்றது. பாட்டில்கள் அலமாரியில் ஒன்றோடொன்று மோதி நடுங்கின. கேட்வுட் கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். வாய் மட்டும் தெரிந்தது. குறைக்கச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. குறைக்கலாம். இனி எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். ஒஸெல்லா அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இன்னொரு சுற்று வாசித்தாள்.