இரண்டு சிரட்டைச் சோறு

கண்டியில் யாரும் ஒதுங்க இடம் தரவில்லை. தோணியில் வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வரும் கூலிக் கூட்டத்தோடு வாந்திபேதியும் வரும் என்று ஊருக்கே தெரியும். கறுப்பையா கங்காணி தன் ஆட்களை அம்பிட்டிய மேட்டுக்கு ஏற்றி, ராஜா காலத்து மாளிகை ஒன்றில் தங்கவைத்தார். பாதிக்கு மேல் கூரை இல்லை. வாசலில் கல் யானை ஒன்று தும்பிக்கை உடைந்து கிடந்தது.

“ராஜா படுத்த எடம்டா. நல்லாக் காலை நீட்டுங்க, ராணி வந்து பிடிச்சு விடுவா,” என்றார் கங்காணி.

சிரிக்கும் தெம்பு பழனியாண்டிக்கு மட்டும்தான் இருந்தது. விடிந்தால் இன்னும் ஒரே நாள் நடை. காப்பித் தோட்டத்தில் அவன் பெண்டாட்டி பாப்பம்மா இருந்தாள். போன வருஷம் பழம் பறிக்கிற காலத்தில் அண்ணனோடு வந்தவள்.

இராமையாவுக்கு மாத்தளையிலேயே வயிறு போகத் தொடங்கியிருந்தது. அவனை உள்ளறையில் கிடத்திவிட்டு எல்லோரும் முற்றத்தில் படுத்தார்கள். காலையில் எழ முடியாதவனின் தலைமாட்டில் ஒரு சிரட்டைச் சோறு வைத்துவிட்டுப் போவது அந்த வழியின் வழக்கம். எழுப்புவதில்லை. எழுப்பினால், நானும் வருகிறேன் என்பான். வழியில் பழனியாண்டியே இரண்டு பேருக்கு வைத்திருக்கிறான்.

முற்றத்தில் பனி கொட்டியது. பல் கிட்டியபோது பழனியாண்டி எழுந்து உள்ளறைக்குப் போனான். அதற்குக் கூரை இருந்தது.

“யாரு?” என்றான் இராமையா.

“நான்தாண்ணே. வெளிய குளிரு.”

“பக்கத்துல படுடா. ரெண்டு நாளா ஒருத்தனும் கிட்ட வரல.”

படுத்தான். குளிர்தான் காரணம். இரக்கம் இல்லை.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. முற்றத்தில் சாம்பல் மட்டும் கிடந்தது. இராமையாவின் தலைமாட்டில் ஒரு சிரட்டை. தன் தலைமாட்டிலும் ஒன்று.

ஓடினான். இரண்டாவது வளைவில் கூட்டத்தைப் பிடித்தான். கங்காணி கம்பை நீட்டினார்.

“அங்கேயே நில்லு.”

“எனக்கு ஒன்னுமில்ல கங்காணி. ஓடித்தானே வந்தேன்.”

“இராமையாவும் மாத்தளை வரைக்கும் நல்லாத்தான் நடந்தான். அவன்கூடப் படுத்தவன தோட்டத்து லயத்துக்குள்ள விட்டா தொரை என்னையத் தொலைச்சிருவாரு. பத்து நாள் கெட. உசுரு இருந்தா வா.”

தோணியில் பழனியாண்டியின் தோளில் சாய்ந்து தூங்கி வந்த ஒருவன், குனிந்து காலில் முள் தேடினான்.

“பாப்பம்மாகிட்ட சொல்லுங்க.”

“என்னான்னு?”

யோசித்தான். “செத்துட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

கங்காணி கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். கூட்டம் நகர்ந்தது.

மாளிகைக்குத் திரும்பினான். போக வேறு இடம் கிடையாது. இராமையா கண் திறந்து கிடந்தான்.

“போகலையாடா?”

“இல்ல.”

“அப்ப வா. இங்கன படு.”

பழனியாண்டி தன் சிரட்டையை எடுத்துக்கொண்டு, கூரை இல்லாத பக்கமாகப் போய் உட்கார்ந்தான்.